அரிய பிரெஞ்சுக் குடும்பப் பெயர்: அதன் வேரையும் எண்ணிக்கையையும் கண்டறிய முழுமையான வழிகாட்டி

1832 டிசம்பர் 15 அன்று திஜோன் நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் பாரிஸில் 300 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தை எழுப்பியவர் அவர்தான். ஆனால் திஜோன் பதிவேட்டில் ‘ஈஃபெல்’ என்ற பெயருக்குரிய எழுத்தில் போய்த் தேடினால் குஸ்தாவ் கிடைக்க மாட்டார். ‘போனிக்ஹவுசன், ஈஃபெல் எனப்படுபவர்’ என்றுதான் அந்தக் குடும்பம் எழுதப்பட்டிருக்கிறது.

அவருடைய மூதாதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் உள்ள மார்மாகன் என்ற ஊரிலிருந்து பாரிஸுக்கு வந்தவர். போனிக்ஹவுசன் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் நாவில் புரளவில்லை. வந்த மலைப்பகுதியின் பெயர் ஒட்டிக்கொண்டது. வழியில் ஓர் ‘எஃப்’ இரண்டானது. 1870இல் ஜெர்மானியரோடு நடந்த போருக்குப் பிறகு ஜெர்மானியப் பெயர் தொழிலுக்கே இடைஞ்சலாக, 1879-80இல்தான் குஸ்தாவ் சட்டப்படி ‘ஈஃபெல்’ மட்டும் ஆனார்.

அரிய பிரெஞ்சுப் பெயரைத் துலக்க வருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, அரிய பெயர் என்றால் பழம்பெயர் என்று எண்ணிக்கொள்வது. பல அரிய பெயர்கள் ஒரே குடும்பத்தில், ஒரே எழுத்தரின் பேனாவில், சில தலைமுறைகளுக்கு முன் முளைத்தவை. அதனால் என் யோசனை இதுதான்: பெயரின் பொருளைத் தேடி அகராதிக்கு ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் எழுத்து, பிறகு எண்ணிக்கை, பிறகு ஊர், அதன் பிறகே பொருள்.

முதல் படி: பெயர் எப்போது உறைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரான்சில் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரே நாளில் நிலைபெறவில்லை. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த வில்லேர்-கொத்ரே ஆணை, ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னது. 1579இல் புளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. அப்போதெல்லாம் எழுதியவர் பங்குத் தந்தை. காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மனிதரின் பெயர் அவருடைய ஞானஸ்நானத்தில் ஒருவிதமாகவும் திருமணத்தில் வேறுவிதமாகவும் இருப்பது சர்வசாதாரணம்.

1792 செப்டம்பர் 20 அன்று பதிவேடுகள் தேவாலயத்திலிருந்து நகராட்சிக்கு மாறின. 1794 ஆகஸ்ட் 23 சட்டம், பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக் கூடாது என்றது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1877இல் ‘லிவ்ரே தெ ஃபமி’ எனப்படும் குடும்பக் கையேடு வந்த பிறகுதான் எழுத்துக்கூட்டல் உண்மையில் கட்டிப்போடப்பட்டது. ஆக, 1877க்கு முன்னால் போகும்போதெல்லாம் உங்கள் பெயருக்கு உடன்பிறப்புகள் உண்டு என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

இரண்டாம் படி: உடன்பிறப்புகளைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளை எடுத்து, பெயர் காதில் எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். பிரெஞ்சில் ‘ஓ’ என்ற ஒரே ஒலியை நான்கைந்து விதமாக எழுதலாம். கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது, அதனால் ‘டி’, ‘எஸ்’, ‘எக்ஸ்’, ‘இஸட்’ என எது வேண்டுமானாலும் வாலில் ஒட்டும். ஒற்றை மெய் இரட்டையாகும். சொல்லின் முதலில் ‘எச்’ வரும், போகும். ‘லெ’, ‘லா’, ‘து’, ‘தெ’ ஆகிய முன்னொட்டுகள் சேர்ந்தும் பிரிந்தும் நிற்கும்.

சில நேரம் படித்த எழுத்தரே பெயரைக் குழப்பியிருப்பார். லெஃபெவ்ர் என்ற பெயருக்குக் கொல்லர் என்று பொருள். அதில் ஒலிக்காத ‘பி’ ஒன்றை நுழைத்து எழுதும் வடிவம் வட பிரான்சில் மிகுதி. லத்தீனில் கொல்லருக்கு ‘ஃபாபேர்’ என்று பெயர். அந்தப் ‘பி’யை நினைவூட்டவே சேர்த்தார்கள். ஓர் எழுத்து கூடியதால் இன்றைய கணக்கில் இரண்டும் இரு வேறு பெயர்கள்.

‘எனப்படுபவர்’ என்று பொருள்படும் ‘தி’ என்ற சொல் பதிவேட்டில் தென்பட்டால் உடனே நில்லுங்கள். அதன் இருபக்கமும் உள்ள பெயர்களை இரண்டு தனிப் பெயர்களாகத் தேட வேண்டும். படைவீரர்களுக்கு இப்படிப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. கனடாவின் கியூபெக்கில் குடியேறியவர்களிடையே இது இன்னும் அதிகம்.

மூன்றாம் படி: எண்ணிக்கை

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான். இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் ‘பிரான்சில் இத்தனை பேர் இந்தப் பெயரைத் தாங்குகிறார்கள்’ என்று ஓர் எண் வந்து நிற்கும். பெரும்பாலும் அது வாழ்கிறவர்களின் எண்ணிக்கை அல்ல, ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்தவர்களின் எண்ணிக்கை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மூலம் ஒன்றே: பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே. அது பராமரிக்கும் தனிநபர் பதிவேட்டிலிருந்து குடும்பப் பெயர்க் கோப்பு உருவாகிறது. அதைக் கொண்டு இயங்கும் ‘ழெயோபத்ரோனிம்’ என்ற தளத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. 1891-1915, 1916-1940, 1941-1965, 1966-1990 என நான்கு காலப்பகுதிகளில், மாவட்டவாரியாக எத்தனை பேர் பிறந்தார்கள் என்று காட்டும். இன்சேயே வெளியிடும் பொதுக் கோப்பு 1891 முதல் 2000 வரை பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்திருக்கிறது. ஆனால் மிகச் சிலரே தாங்கும் பெயர்கள் அதில் தனித்து வராது, ‘மற்றப் பெயர்கள்’ என்ற ஒரே கூடையில் விழுந்துவிடும். உங்கள் பெயர் அவ்வளவு அரிது என்றால் முந்தைய தளமே கதி.

எண்களைப் படிப்பதற்கு முன் அந்தப் பதிவேடு எப்படிப் பிறந்தது என்று அறிய வேண்டும். 1941இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், ரெனே கார்மி என்ற ராணுவ அதிகாரியின் கீழ் அது தொடங்கியது. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த அவர் கைதாகி, 1945 ஜனவரியில் டாகாவ் வதைமுகாமில் இறந்தார். பிரெஞ்சுப் பெயர்களின் கணக்கைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் நினைவு வரும். 1946இல் உருவான இன்சே அந்தப் பதிவேட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே இறந்துவிட்டவர்கள் பலர் அதில் ஏறவே இல்லை. குழந்தைப் பருவத்தில் மாண்டவர்கள், முதல் உலகப் போரில் விழுந்தவர்கள் எல்லாம் அப்படித்தான். எனவே முதல் காலப்பகுதியின் எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவு. அதை அடுத்த எண்ணோடு ஒப்பிட்டு ‘பெயர் வளர்ந்தது’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெயருக்கு நான்கு காலப்பகுதிகளிலும் முறையே 40, 35, 48, 52 பிறப்புகள் என்று வைப்போம். கூட்டினால் 175. ‘175 பேர்’ என்று எழுதும் தளங்கள் இங்கேதான் வழுக்குகின்றன. 1915 வரை பிறந்தவர்களில் இன்று ஏறக்குறைய யாரும் இல்லை; 40ஐக் கழித்துவிடுங்கள்.

அடுத்து, இன்சேயின் இறப்புக் கோப்பை எடுங்கள். 1970 முதல் பதிவான இறப்புகள் அதில் உள்ளன. 2019 டிசம்பரிலிருந்து எவரும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், இறந்த நாள், இறந்த ஊரின் குறியீடு ஆகியவை அதில் இருக்கும். பெண்களும் பிறப்புப் பெயரிலேயே இடம்பெறுவதால் திருமணத்தால் பெயர் மாறிய சிக்கல் இல்லை. நம் கற்பனைப் பெயரில் 1916-1940இல் பிறந்தவர்களில் 30 பேர், 1941-1965இல் 11 பேர், 1966-1990இல் 2 பேர் இறந்ததாகத் தெரிகிறது. மிச்சம் 5, 37, 50, ஆக 92. அதில் 5 என்பது ஐயத்துக்குரியது, ஏனென்றால் 1970க்கு முன் இறந்தவர்கள் இறப்புக் கோப்பில் இல்லை. இதன்மேல் 1990க்குப் பின் பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டும். கடைசியில் ‘ஏறத்தாழ 110 முதல் 130 பேர்’ என்பதுபோல் ஒரு வரம்பாகச் சொல்வதுதான் நேர்மை. ஒற்றை எண் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: குடும்பப் பெயர்க் கோப்பு பிரான்சில் பிறந்தவர்களை மட்டுமே எண்ணும். வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள் வர மாட்டார்கள். மறுபுறம், பிரான்சில் அரிதான பெயர் கடலுக்கு அப்பால் பெருகியிருக்கலாம். இலை நடுங்கும் ஆஸ்பென் மரத்தோப்பைக் குறிக்கும் ‘த்ரம்ப்ளே’ என்ற பெயர் கியூபெக்கில் முதலிடத்தில் இருக்கிறது. பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து 1647இல் போய், 1657இல் கியூபெக்கில் மணம் புரிந்த பியேர் த்ரம்ப்ளே என்ற ஒரே மனிதரின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

நான்காம் படி: வரைபடம்

நான்கு காலப்பகுதிகளில் வேரைக் காட்டுவது முதலாவதுதான், 1891-1915. எண் குறைவாக இருந்தாலும் இடம் நம்பகமானது. அந்நாளில் குழந்தைகள் வீட்டில், சொந்த ஊரில் பிறந்தன. பிறகு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகும் பழக்கம் வந்தது. பிறப்பு நிகழ்ந்த ஊரிலேயே பதிவு செய்வது சட்டம் என்பதால் மருத்துவமனை இருந்த நகரங்கள் வீங்கின. 1966-1990 வரைபடத்தில் ஒரு நகரம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே பெரிய மருத்துவமனை இருந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லாமலும் போகலாம்.

பாரிஸையும் ஒதுக்கி வைத்துப் பாருங்கள். அது எல்லா மாவட்டத்தாரையும் இழுத்த ஊர். பழைய சேன் மாவட்டமும் சேன்-எ-உவாஸ் மாவட்டமும் 1968 ஜனவரி 1 முதல் பல மாவட்டங்களாகப் பிரிந்தன. கோர்சிகா 1976இல் இரண்டானது. பழைய குறியீடும் புதிய குறியீடும் கலந்து வந்தால் மலைக்க வேண்டாம்.

பாரிஸைக் கழித்த பிறகும் ஒரே மாவட்டத்திலோ ஒட்டிய இரு மாவட்டங்களிலோ பெயர் குவிந்திருந்தால் நல்ல செய்தி. அநேகமாக ஒரே குடும்பம், ஒரே வட்டாரம். நான்கு மூலைகளில் சிதறிக் கிடந்தால் ஒரே பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும்.

ஐந்தாம் படி: பதிவேட்டுக்குள் இறங்குவது

மாவட்டம் தெரிந்ததும் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளத்துக்குப் போங்கள். பழைய பதிவேடுகளின் படங்கள் அங்கே ஏற்றப்பட்டுள்ளன. நேராகப் பதிவேட்டைப் புரட்டாமல் பத்தாண்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அகர வரிசையில் பெயர்கள் இருக்கும். ஊர் ஊராக அட்டவணையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் போனால், பெயர் எந்த ஊரில் அடர்ந்து எந்த ஊரில் மெலிகிறது என்பது ஓரிரு மாலைகளில் விளங்கிவிடும். ஜெனியாநெட், பேமிலிசர்ச் போன்ற தளங்களில் மற்றவர்கள் கட்டிய குடும்ப மரங்கள் வழிகாட்டும். ஆனால் மூலப் பதிவின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரியையும் ஏற்காதீர்கள். தவறுகள் மரத்திலிருந்து மரத்துக்குத் தாவுகின்றன.

அரிய பெயர்க்காரர்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு குறுக்குவழி உண்டு. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ ஓம்’ தளத்தில் முதல் உலகப் போரில் உயிர்நீத்தவர்களின் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிறந்த நாளும் ஊரும் உண்டு. ‘மார்த்தான்’ போன்ற பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். உங்கள் பெயரைத் தட்டினால் ஏழோ எட்டோ வரும். அந்த எட்டு இளைஞர்களின் பிறந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். இன்சே பதிவேட்டில் ஏறாமல் போனவர்கள் இவர்கள்தாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடும்பம் எங்கே இருந்தது என்பதை இதைவிட விரைவாகக் காட்டும் மூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு தடைகளுக்குத் தயாராக இருங்கள். 1793 முதல் 1805 இறுதி வரை பதிவுகள் புரட்சி நாட்காட்டியில் இருக்கும். ‘ஆண்டு 9, புருமேர்’ என்றெல்லாம் வரும். மாற்றித் தரும் அட்டவணைகள் எளிதில் கிடைக்கும். மற்றொன்று பெரிய இழப்பு: 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் எழுச்சியின் இறுதி நாட்களில் எழுந்த தீயில், 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகளின் இரு படிகளும் எரிந்தன. பிற்பாடு மீட்டெழுதப்பட்டது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் கிளை பாரிஸில் மறைந்தால் நோட்டரி ஆவணங்களில் தேட வேண்டியிருக்கும்.

பிறப்பும் திருமணமும் 75 ஆண்டுகள் கழிந்த பிறகே எல்லோருக்கும் திறக்கும். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை எங்கும் வெளியிடாதீர்கள். நூறு பேர் மட்டுமே தாங்கும் பெயரில் ஒருவரை அடையாளம் காண்பது மிக எளிது.

ஆறாம் படி: இப்போது பொருள்

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு ஊற்றுகளிலிருந்து வந்தவை: தந்தையின் முதற்பெயர், இடம், தொழில், பட்டப்பெயர். ஆனால் எந்த மொழியில் என்பதை ஊர் சொல்ல வேண்டும். அதே கொல்லர் தெற்கே ஃபாப்ர், கிழக்கே ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவுவாவில் ஃபாவ்ர், வடமேற்கே பிரெத்தாஞ்ஞில் லெ கோஃப், ஜெர்மன் எல்லையோர அல்சாஸில் ஷ்மிட். பிரெத்தாஞ்ஞின் மொழியான பிரெத்தோனில் அமைந்த பெயர்களில் ‘கேர்’ என்று தொடங்கினால் வீடு அல்லது குடியிருப்பு. சவுவாவில் ‘அஸ்’, ‘ஓஸ்’ என முடியும் பெயர்களின் இறுதி ‘இஸட்’ ஒலிக்காது. தெற்கில் ‘அக்’ என முடிபவை ரோமானியர் காலப் பண்ணைகளின் பெயர்கள். ஷிராக் அப்படி ஒன்று, அந்தப் பெயரில் ஊர்களே பல உண்டு. தென்மேற்கு மூலையில் பேசப்படும் பாஸ்க் மொழியில் எச்செவெரி என்றால் புது வீடு.

ஒளிப்படக் கலையின் முன்னோடி லூயி தாகேர் 1787இல் பாரிஸுக்கு அருகே கொர்மெய்-ஆன்-பாரிசியில் பிறந்தார். அங்கிருந்து பொருள் தேடினால் ஒன்றும் தேறாது. தாகேர் என்பது பாஸ்க் பெயர். கண்ணுக்குத் தெரியும்படி திறந்த வெளியில் அமைந்த இடத்தைக் குறிக்கும் ‘அகெர்ரே’ என்ற சொல் அதற்குள் இருக்கிறது. பிறந்த ஊர் ஒரு திசை, பெயர் வேறு திசை.

எந்த மொழியிலும் பொருள் சிக்காத பெயர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு கைவிடப்பட்ட குழந்தை இருக்கும். 1811 ஜனவரி 19 ஆணைப்படி, குழந்தையை யாரும் பார்க்காமல் விட்டுச் செல்லச் சுழல்பெட்டிகள் மருத்துவ இல்லங்களில் அமைந்தன. அக்குழந்தைகளுக்குப் பெயர் சூட்டியவர் அலுவலர். கிழமையோ, புனிதரோ, கையில் கிடைத்த ஏதோ ஒரு சொல்லோ பெயரானது. அப்படிப்பட்ட வேரைக் கண்டால் ஏமாற்றம் அடையாதீர்கள். ஒரு பெயரின் முதல் மனிதரையே, அவர் வந்த நாளோடு காண்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1808 ஜூலை 20 நெப்போலியன் ஆணையின்படி யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் ஏற்க வேண்டியிருந்தது. அந்த அறிவிப்புப் பதிவேடுகள் கிடைத்தால் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே இருக்கும்.

நமக்கு நெருக்கமான கிளை

பிரெஞ்சுப் பெயர்க் கணக்கில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. கரீபியத் தீவான குவாதலூப்பில் முத்துசாமி, சிதம்பரம், இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனில் ராமசாமி, வீரபிள்ளை. எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ‘ஒரேலி’ என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. சொந்தப் பெயரைச் சொன்னார்கள். எழுத்தர் கேட்டபடி எழுதினார். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அதுவே குடும்பப் பெயராயிற்று. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காகப் பல்லாண்டு போராடி 1923இல் வென்ற ஹென்றி சிதம்பரத்தின் பெயரும் இப்படி வந்ததே. இத்தகைய பெயரைத் தேடுவோர் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிரெஞ்சுக்காரர் ‘ரங்கப்பூலே’ என்று எழுதியதை நினைவில் வைத்தால் ‘பூலே’ என்ற வால் ‘பிள்ளை’ என்று பிடிபடும்.

புதுச்சேரி, காரைக்காலில் கதை தலைகீழ். 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி செய்தது. ஏற்பவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ என்று தேர்ந்தார். கதவு என்று பொருள். பிரான்சில் ஏற்கெனவே பரவலாக இருக்கும் பெயர் அது. இரு லபோர்த் குடும்பங்களுக்கும் ரத்த உறவு இல்லை, எழுத்து மட்டுமே பொது. இந்தத் துறப்புகளின் காலத்துப் பதிவுகளுக்கு எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை அது இணையத்தில் வைத்திருக்கிறது.

ஏழாம் படி: பெயர் அணைகிறதா?

ஒரு பெயர் எப்படி மறைகிறது என்று கணிதமாக முதலில் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான இரேனே-ழூல் பியனெமே, 1845இல். அவர் பெயரே அரிய பெயர். ‘மிகவும் நேசிக்கப்பட்டவர்’ என்று பொருள். தகப்பன் வழியாக மட்டும் பெயர் போகும் முறையில், ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இல்லை என்றால் பெயர் ஒரு நாள் நிச்சயம் அணையும். சராசரி அதைவிடச் சற்றுக் கூடினாலும், சிலர் மட்டுமே தாங்கும் பெயருக்கு ஆபத்து நீங்காது.

உங்கள் கணக்கில் கடைசிக் காலப்பகுதி மெலிந்திருந்தால் அதோடு முடிந்ததென்று எழுதிவிடாதீர்கள். 2005 ஜனவரி 1 முதல் பெற்றோர் தாயின் பெயரையோ இருவர் பெயரையுமோ பிள்ளைக்குச் சூட்டலாம். 2022 ஜூலை 1 முதல் வயதுவந்த ஒருவர் தன் மற்றொரு பெற்றோரின் பெயருக்கு நகராட்சியிலேயே மாறிக்கொள்ளலாம். அணையும் தறுவாயில் உள்ள மூதாதையர் பெயரைக் காக்கப் பெயர் மாற்றம் கேட்பதற்கு உரிமையியல் சட்டத்தின் 61ஆம் பிரிவு இடம் தருகிறது. நான்காம் நிலை உறவு வரை செல்லும். நாட்டுக்காக உயிர்நீத்தவரின் பெயரைத் தொடர 1923 ஜூலை 2 சட்டம் ஒன்றும் உண்டு.

ஆகவே கடைசியாகத் தேட வேண்டியது மகள்களின் வழியை. லூயி பாஸ்தரின் மகன் ழான்-பப்திஸ்த் 1908இல் பிள்ளையின்றி இறந்தார். மகள் வழிப் பேரன், மருத்துவரான லூயி, ‘பாஸ்தர் வலேரி-ரதோ’ என்ற பெயரைத் தாங்கினார். 61ஆம் பிரிவின்படி பெயர் மாற்றம் கேட்பவர் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். உங்கள் பெயரைத் தாங்கிய கடைசிப் பெண்ணின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரில் அந்த அறிவிப்புகளைத் தேடுங்கள். அங்கே அது இன்னொரு பெயரோடு சேர்ந்து, வேறோர் எழுத்தின் வரிசையில் இருக்கக்கூடும்.